மொட்டைமாடித் துணியும் அறைத் துணியும்

கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் என் பக்கம் சாய்ந்து, "ஜமீலா, உனக்கு அந்த இழுப்பு எப்படிப் போச்சு?" என்று கேட்டுவிடுகிறார். கறி ஆறிப்போகும்வரை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. பாதி கேட்டவர்கள் மீதியைத் தாங்களே இட்டுக்கட்டி ஊரில் பரப்பியும் விட்டார்கள். தஞ்சாவூர் டாக்டரம்மா எனக்கு ஓதிப் பார்த்ததாகக்கூட ஒரு பேச்சு உண்டு. அந்த அம்மா தரங்கம்பாடிப் பக்கம், லுத்தரன் சபைக்காரர். இதற்கு மேல் விட்டுவைத்தால் வேறென்ன கிளம்புமோ, ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு கூத்தாநல்லூரில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. என் கணவர் ஹபீப் குவைத்தில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் நான் கூடவே நின்று கட்டிய வீடு. கொத்தனாரோடு சண்டை போட்டதும் நான்தான், சமாதானமாகி டீ வாங்கிக் கொடுத்ததும் நான்தான். ஜன்னலை எங்கே வைப்பது என்று தொலைபேசியில் கேட்டபோது அவர், "ஒனக்கு எங்க காத்து வேணுமோ அங்க வையி" என்றார். மேற்கே வயல், அங்கே பெரிய ஜன்னல்களாக வைத்தேன். சில வருஷம் கழித்து அதே மேற்கில் அரிசி மில் வந்து நின்றது.

அந்த மில்லின் கதை தனி. நிலம் ஏதோ ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். அதைத் தலைமுறையாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். ஒரு நாள் அறக்கட்டளைக்காரர்கள் மில்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக் கம்பி வேலி போட்டார்கள். சாகுபடிக்காரர்கள் வரப்பில் சிவப்புக் கொடி நட்டார்கள். வழக்கு திருவாரூருக்குப் போனது, மில் ஓடிக்கொண்டே இருந்தது. அவித்த நெல்லின் வாசனை ஜன்னல் வழியே வரும், கூடவே உமிச் சாம்பலும் வரும். கொதிகலனுக்கு அங்கே உமிதான் எரிபொருள். காயப்போட்ட துணியில் கறுப்புக் கறுப்பாக உட்காரும். தட்டினால் உதிர்ந்துவிடும், தேய்த்தால் பரவிவிடும். இதைக் கண்டுபிடிக்க தொழுகைக்குப் போடும் என் வெள்ளைத் தாவணி ஒன்று பலியானது.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு டிவி கொடுத்து முடித்து, அடுத்து வந்தவர்கள் மிக்ஸியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த வருஷம் மழை தன் மாதத்தை மறந்துவிட்டது. கார்த்திகையில் ஏமாற்றிவிட்டுத் தை அறுப்பு நேரத்தில் வந்து கொட்டியது. சாய்ந்த பயிரை அவசர அவசரமாக மிஷின் வைத்து அறுத்தார்கள். நனைந்து நாறிய வைக்கோலை மாட்டுக்குக்கூட யாரும் எடுக்கவில்லை. வெயில் காட்டியதும் வயலிலேயே கொளுத்தினார்கள். காலையில் பனியும் அந்தப் புகையும் ஒன்றாகத் தரையில் படுத்துக் கிடந்தன. அந்த வாரத்தில்தான் எனக்கு இருமல் தொடங்கியது.

இருமல் மருந்து குடித்தேன், கஷாயம் குடித்தேன். பிறகு நெஞ்சுக்குள் யாரோ விசிலடிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. ஒரு காலையில் துணிக்கூடையோடு மாடி ஏறியவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. கீழே இருந்த என் கணவரைக் கூப்பிட வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. என் வாய்க்குப் பயந்து தெருவில் மீன்காரர்கூட எடையில் விளையாட மாட்டார். அப்படிப்பட்டவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. பயந்துபோனேன். செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் அப்போது குவைத் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்திருந்தார். காரை வரவழைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்.

முதல் சந்தேகம் காசநோய். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பார்க்க வந்த என் நாத்தனார் எனக்கென்று தனியாக ஒரு டம்ளர் கொண்டுவந்து, அதில் அடையாளத்துக்குச் சிவப்பு நூலும் கட்டியிருந்தாள். நான் பாதி குடித்து வைத்த டீயை என் கணவர் அந்த டம்ளரோடு எடுத்து அவள் முன்னாலேயே மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "சக்கர கம்மி" என்றார். நான் அழுதுவிட்டேன். சளியில் கிருமி இல்லை என்று பிறகு முடிவு வந்தது. அந்த டம்ளர் இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது, நாத்தனார் வந்தால் அதில்தான் டீ கொடுக்கிறேன்.

நுரையீரல் டாக்டர் எஸ்தர் என்னைவிட இளையவர், சத்தமாகச் சிரிப்பவர். ஒரு குழாயை வாயில் வைத்து மூச்சை முழுக்க இழுத்துப் பலம் கொண்ட மட்டும் ஊதச் சொன்னார். பக்கத்துத் திரையில் கோடு எழும்பி உடனே சரிந்தது. "இன்னும், இன்னும், இன்னும் ஊதுங்க!" என்று அங்கிருந்த பெண் கத்திய கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு முகமூடி மாட்டி மருந்தை ஆவியாக உள்ளே செலுத்தினார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதியபோது கோடு முன்னைவிட உயரமாகப் போனது.

"இதுக்குப் பேரு ஆஸ்துமா. மருந்து குடுத்ததும் தொறக்குது பாருங்க, அதுதான் அடையாளம்" என்றார் டாக்டர். "மூச்சுக் குழாய் உள்பக்கம் வீங்கிப் போயிருக்கு. எதையோ கண்டா கோவப்பட்டுச் சுருங்கிக்குது."

"இந்த வயசுலயா டாக்டர்? எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே?"

"எந்த வயசுலயும் வரும். எதக் கண்டு கோவப்படுதுன்னு தெரிஞ்சாப் பாதி வைத்தியம் முடிஞ்சுது."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து மருந்து கொடுக்க வரும் நர்ஸிலிருந்து தரை துடைக்க வருபவர்வரை எல்லோரையும் கேள்வியால் துளைத்தேன். விரலில் மாட்டும் கிளிப் எப்படி ரத்தத்துக்குள் இருக்கும் ஆக்சிஜனைப் பார்க்கிறது? ரத்தத்தின் சிவப்பை வெளிச்சம் போட்டுப் பார்த்துக் கணிக்கிறதாம். ஸ்டீராய்டு என்றால் என்ன? வீக்கத்தை வற்ற வைக்கும், கூடவே பசியையும் கிளப்பிவிடும். இரண்டாவது உண்மை என்பதற்கு நானே சாட்சி. ஆஸ்பத்திரி இட்லியைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

புகை பனிக்காலத்தில் மட்டும் ஏன் கீழேயே நிற்கிறது என்று ஒரு நாள் டாக்டரைக் கேட்டேன். குளிர்ந்த காற்று கனமாகத் தரையோடு கிடக்குமாம், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டதுபோல உட்கார்ந்துகொள்ளுமாம். கீழே எரிப்பதெல்லாம் கீழேயே சுற்றும். "முன்ன மாதிரி மழ பேஞ்சு, முன்ன மாதிரி அறுப்பும் நடந்தா வைக்கோலக் கட்டி எடுத்துருப்பாங்க. காலம் மாறுது, மழயும் மாறுது. அது கடைசில எங்க வார்டுக்கு வந்து நிக்குது" என்றார். பக்கத்துக் கட்டில்களிலும் அந்த வாரம் இருமல்காரர்கள்தான் இருந்தார்கள்.

இந்தச் சமயத்தில் ஆரஞ்சுப் பழங்களோடு ரெத்தினவேல் வந்தார். மில் நிலத்துக்காகக் கொடி பிடிக்கும் சாகுபடிக்காரர்களின் தலைவர் அவர்தான். நலம் விசாரித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, ஒங்க எக்ஸ்ரேவ ஒரு காப்பி குடுங்க. கலெக்டர் முன்னாடி வைக்கிறோம். மில்லு சாம்பல்ல ஒரு பொம்பளக்கி நெஞ்சே போயிருச்சுன்னு சொன்னா, நெலத்துக்கும் ஒரு வழி பொறக்கும்."

"என் நெஞ்சு இன்னும் போகல தம்பி" என்றேன்.

"அட, ஒரு பேச்சுக்குத்தான் அக்கா."

என் கணவருக்கு ஒரே சந்தோஷம். மில்லைத் திட்ட அவருக்கு ஆள் கிடைத்துவிட்டது. "குடுத்துடுவோம் ஜமீலா, அவனுவள சும்மா வுடக்கூடாது" என்றார். டாக்டரைக் கேட்டோம். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இதுல மில்லோட பேரு எங்கயும் இல்லீங்களே. வீக்கம் இருக்குன்னுதான் நான் சொல்லலாம், யாரால வந்துச்சுன்னு இது சொல்லாது" என்றார். ரெத்தினவேல் முகம் வாடிப் போனது. ஆனாலும் ஆரஞ்சைத் திருப்பி எடுத்துப் போகவில்லை.

மூச்சு சீராகி வீட்டுக்கு அனுப்பினார்கள். நல்ல நேரமாகவும் அமைந்தது. சாகுபடிக்காரர்கள் வாசலை மறித்து உட்கார்ந்ததில் மில் பூட்டிக் கிடந்தது. வைக்கோல் எரிப்பும் முடிந்துபோயிருந்தது. ஆகவே பயமில்லாமல் போனேன். என் கணவர் வீட்டைக் கழுவித் துடைத்து, மேற்கு ஜன்னல்களை எல்லாம் மூடி, இடுக்குகளில் துணி வைத்து அடைத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு வந்து, என் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதி ஊதினார். சோறுகூட அவரே வடித்தார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே விசில் சத்தம் திரும்பிவிட்டது. வந்த காரையே மறுபடி கூப்பிட்டுத் தஞ்சாவூர் போனோம். போகிற வழியெல்லாம் அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே, "மூடித்தானே வச்சுருந்தேன், எல்லாத்தையும் மூடித்தானே வச்சுருந்தேன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த நாள் சென்னையிலிருந்து என் மகன் பேசினான். அந்த வீடே வேண்டாம், விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்றான். இவரும் சரி என்றார். வீட்டைப் பார்க்க ஒரு தரகர் வருவதாகவும் பேச்சு முடிந்துவிட்டது. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் முகமூடிக்குள் இருந்தேன், அதனால் வசதியாகப் போயிற்று அவர்களுக்கு. அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லையும் நான் தண்ணீர் ஊற்றி நனைத்திருக்கிறேன். அதை விட்டுச் சென்னையில் மகன் இருக்கும் ஒன்பதாவது மாடியில் போய் உட்கார வேண்டும் என்று நினைத்தபோது, மூச்சுத் திணறியதைவிட எனக்கு அது அதிகமாக வலித்தது.

முகமூடியைக் கழற்றியதும் டாக்டரிடம் சொன்னேன். "டாக்டர், எனக்கு வீட்டுக்குப் போகணும். எதனாலன்னு கண்டுபுடிச்சுக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "எனக்கும் அதான் இடிக்குது. மில்லு மூடியிருக்கு. வைக்கோலும் எரியல. இந்த ஆஸ்பத்திரி வாசல்ல நாள் முழுக்க பஸ்ஸு பொகையாக் கக்குது, இங்க நல்லா இருக்கீங்க. வீட்டுக்குப் போன அன்னிக்கே திரும்பி வந்துட்டீங்க. வீட்டுல பூனை இருக்கா? விறகடுப்பா? கொசுவத்தியா?"

"பூனை இல்ல. கேஸ் அடுப்பு. கொசுவலைதான் கட்டுறோம்."

அவர் யோசித்துவிட்டு என் கணவரிடம் ஒரு வேலை கொடுத்தார். ஒரே வெள்ளைத் துணியை இரண்டாகக் கிழித்து, ஒன்றை மொட்டைமாடியில் கட்ட வேண்டும், இன்னொன்றை நான் படுக்கும் அறையில் கட்ட வேண்டும். வழக்கம்போல வீட்டில் இருக்க வேண்டும், எதையும் மாற்றக்கூடாது. சில நாள் கழித்து இரண்டையும் கொண்டுவர வேண்டும். "இது சோதனைச்சாலை முறையெல்லாம் இல்ல. ஆனா கண்ணுக்கு ஏதாவது தெரியும்" என்றார். என் கணவர் புது வேட்டி ஒன்றையே கிழித்தார். அதற்குள் ரெத்தினவேல் ஆட்களுக்கும் மில்லுக்கும் தற்காலிகமாகப் பேச்சு முடிந்து, மில் மறுபடி ஓடத் தொடங்கியது. "நல்லதாப் போச்சு, இப்ப வகையா மாட்டுவான்" என்று சொல்லிவிட்டு இவர் பஸ் ஏறினார்.

துணிகள் வந்த நாள் எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது. டாக்டர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரரின் மகள் என்று ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. என் கணவர் மாடித் துணியை விரித்தார். கறுப்புச் சாம்பல் பொடிப் பொடியாக ஒட்டியிருந்தது. "பாத்தீங்களா!" என்றார் இவர், வழக்கில் ஜெயித்தவர்போல. டாக்டர் அதை எடுத்து உதறினார், பெரும்பாலும் கொட்டிப்போனது. அறைத் துணியை விரித்தார். ஒரு புள்ளி கிடையாது. ஆனால் துணி முழுக்க, பழைய டீக்கறைபோல ஒரு மங்கல் பழுப்பு. உதறினார், போகவில்லை. ஈரப் பஞ்சால் துடைத்தார், அப்போதும் போகவில்லை.

"மாடியில இருக்கறது பெரிய துகள். அதுல முக்கால்வாசி மூக்குலயும் தொண்டையிலயும் நின்னு தும்மல், இருமலா வந்துரும். அறைத் துணியில இருக்கறது கண்ணுக்கே தெரியாத பொடி. நேரா அடி நுரையீரலுக்குப் போகும்" என்றார் டாக்டர். "ஜன்னலு மூடுன ரூமுக்குள்ள இது எப்படிங்க வந்துச்சு?"

நான் கையை நீட்டி அந்தத் துணியை வாங்கி முகத்தருகே கொண்டுபோனேன். முகர்ந்த உடனே தெரிந்துவிட்டது. அது அவருடைய வாசனை.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். குவைத்திலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் அவர் எனக்கு ஊதுகட்டை கொடுத்தனுப்புவார். தணல்மேல் சிறு துண்டு வைத்தால் வீடே மணக்கும், அரபுநாட்டு வாசனைக் கட்டை. எங்கள் ஊரில் வெளிநாட்டு வீடு என்றால் அந்த வாசனை இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் தூபக்காலில் போடுவேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "அத்தா வந்துட்டாங்க பாரு" என்பேன். அவர் வராத வருஷங்களில் அந்தப் புகைதான் எனக்கு அவராக இருந்தது. அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது பெட்டி நிறையக் கொண்டுவந்தார். மில் புகை நாறுகிறது, என் பெண்சாதி இருக்கும் அறை மணக்கட்டும் என்று தினமும் மஃரிபுக்குப் பின் அவரே தணல் போட்டார். எனக்கு இழுப்பு வந்த பிறகு காலையிலும் போட்டார். மில் புகை உள்ளே வராமல், மணம் வெளியே போகாமல் ஜன்னலையும் அடைத்தார். நான் திரும்பி வந்த அன்று, பெட்டியிலேயே உசத்தியான கட்டையை எடுத்துப் போட்டிருந்தார். அத்தனை வருஷப் பழக்கம், அதைப் புகை என்று நாங்கள் இருவரும் நினைத்ததே இல்லை. டாக்டர் பூனைவரை கேட்டபோதுகூட வாயில் வரவில்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் துணியை அவரிடமே கொடுத்தேன். அவர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"நானா?" என்று கேட்டார்.

டாக்டர் அவசரமாகச் சொன்னார்: "நீங்க மட்டும்னு சொல்ல முடியாதுங்க. ஆரம்பிச்சு வச்சது வைக்கோல் பொகை. மில்லுலேருந்தும் இந்தப் பொடி வரும், அது யோக்கியம் இல்ல. ஆனா இவங்களை ஆற விடாம வச்சது மூடுன அறைக்குள்ள இருந்த பொகைதான்னு நெனைக்கிறேன். நிறுத்திப் பாப்போம்."

என் கணவர் வெளியே போய்விட்டார். வெகு நேரம் வரவில்லை. எனக்குக் கோபம் வர வேண்டிய இடம்தான், ஆனால் வரவில்லை. அந்த மனுஷன் எங்கே நின்று அழுகிறாரோ என்றுதான் இருந்தது. டீயோடு திரும்பி வந்தார், கண் சிவந்திருந்தது. "ஒன்னய நானே..." என்று தொடங்கினார்.

"சக்கர கம்மி" என்றேன், டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு. சிரித்துவிட்டார்.

ரெத்தினவேல் மறுபடி வந்தார். நான் அவர் கையில் மாடித் துணியைக் கொடுத்தேன், நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். மனுஷருக்குத் தர்மசங்கடம்.

"அக்கா, அந்த இன்னொரு துணியப் பத்தி அங்க யாருக்கிட்டயும் சொல்லிராதீங்க. மில்லுக்காரன் அதயே புடிச்சுக்குவான்."

"கேட்டா சொல்லத்தான் செய்வேன் தம்பி. ஆனா இந்தத் துணி பொய் இல்லையே? ஒங்க நாத்தங்கால்ல விழுவுறது, புள்ளைங்க கண்ணுல விழுவுறது எல்லாம் இதுதானே? இத மட்டும் சொல்லுங்க, போதும். என் நெஞ்ச வுட்டுருங்க."

அவர் அதைத்தான் செய்தார் என்று கேள்விப்பட்டேன். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மில்காரர் முதலில் புகைபோக்கியை உயர்த்தினார். எங்கள் மாடியில் சாம்பல் குறைந்து ரெத்தினவேலின் தெருவில் கூடியது. அவர்கள் மறுபடி போய் மறித்தார்கள். பிறகுதான் சாம்பல் குவிக்கும் இடத்துக்குக் கூரை வந்தது, தண்ணீர் தெளித்தார்கள், புகை போகும் வழியில் சாம்பலைச் சுழற்றி அடியில் விழவைக்கும் ஒரு பெரிய கூம்பும் வைத்தார்கள். இப்போது துணி காயப்போடலாம். நிலத்து வழக்கு மட்டும் இன்னும் திருவாரூரில்தான் இருக்கிறது.

நான் வீடு திரும்பியது அதற்கெல்லாம் முன்பு. உறிஞ்சும் மருந்து இரண்டு வேளையும் எடுக்க வேண்டும், இன்றைக்கும் எடுக்கிறேன். ஆனால் அன்றைக்கு மாலை எனக்கு இழுப்பு வருமா வராதா என்பதைப் பொறுத்துத்தான் வீட்டை விற்பதும் விடுவதும் இருந்தது. மறுநாள் தரகர் வருவதாக ஏற்பாடு. இவர் அறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, மெத்தைகளை வெயிலில் போட்டு, ஜன்னல் இடுக்குத் துணிகளை எல்லாம் பிடுங்கி எறிந்திருந்தார். பெட்டியோடு ஊதுகட்டையை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மேற்கு ஜன்னல் திறந்து கிடந்தது, மில் அன்று ஓடவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு வந்தவர் பழக்கத்தில் தூபக்கால் இருந்த மூலைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இருவரும் என் நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். சத்தம் இல்லை. இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொன்னார்கள். அப்போதும் இல்லை. அவர் மெதுவாக எழுந்து போய்த் தரகருக்குப் போன் செய்து, வர வேண்டாம் என்றார். திரும்பி வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் மூச்சை ஆழமாக இழுத்தேன். சலவைச் சோப்பு, கொஞ்சம் வேர்வை, சட்டையில் ஒட்டிய சுண்ணாம்பு, வேறு ஏதோ ஒன்று, அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை. கல்யாணமாகிப் பிள்ளை பெற்று வளர்த்து, அவனுக்கும் கல்யாணம் செய்துவைத்த பிறகு, என் புருஷனின் வாசனை இதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.